நானூத்திப் பன்னெண்டு

— அப்போ பொய் சொன்னது எது தாயி? மிஷினா, கையா?

— மொதல்ல உள்ள வந்து கதவச் சாத்துங்கக்கா, பனி இறங்குது. ஸ்கேன் பஸ்ஸு வந்து நின்னே பத்து நிமிசம்தான் ஆச்சு. மிஷினையே நான் இன்னும் ஆன் பண்ணல. எட்டரைக்குத்தான் டோக்கன் குடுப்பாங்க.

— டோக்கனுக்கு வரல. அதுக்கெல்லாம் பொறவு வருவாளுவ, கூட்டமா. ஆளு சேருததுக்கு முந்தி ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போயிரணும்னு விடிஞ்சதும் வந்துட்டேன். போன வருசம் வந்த பொண்ணுதான நீங்க?

— ஆமாக்கா, சிஞ்சு. டாக்டர் இல்ல, படம் எடுக்குற டெக்னீசியன். ஒங்க முகம் எனக்கு ஞாபகம் வரல, தப்பா எடுத்துக்காதீங்க. வர்றவங்க எல்லாரும் தலையில துண்டு, மூஞ்சியில மாஸ்க்கு. நம்பரச் சொல்லுங்க, உடனே சொல்லிருவேன்.

— நானூத்திப் பன்னெண்டு. ராமலட்சுமி.

— நானூத்திப் பன்னெண்டா?

— தெரியுதா?

— தெரியாமலா. அந்த நம்பர மறக்கணும்னுதான் இந்த ஒரு வருசமா பாடுபடுறேன். உக்காருங்க. கட்டில்லயே உக்காருங்க, பரவாயில்ல. எப்பிடி இருக்கீங்க? ஒடம்புக்கு ஒண்ணுமில்லல்ல?

— எனக்கு ஒண்ணுமில்ல. முட்டி வலிதான். நீங்க ஏன் அந்த நம்பர மறக்கணும்?

— அது பழைய கதை. சாரமில்ல, விடுங்க.

— சொல்லுங்க தாயி. நான் கேக்க வந்ததும் அதுதான்னு தோணுது.

— போன மார்ச்சுல ஒங்களுக்குப் படம் எடுத்தேன்ல. எடுக்குறது நான், படிக்குறது தூரத்துல இருக்குற டாக்டரு. அவரு எடது மார்புல ஒண்ணு இருக்குன்னு சொன்னாரு. கேன்சரா இருக்கலாம், உடனே கூப்பிட்டு கையால ஸ்கேன் பண்ணிப் பாருங்கன்னு எழுதுனாரு. டவுன் ஆஸ்பத்திரிக்கு உங்களக் கூப்பிட்டாங்க. அங்க டாக்டர் மேடம் அரை மணி நேரம் தேடியிருக்காங்க, ஒண்ணையும் காணோம். அப்போ தப்பு யாரு மேல? எம்மேல. மிஷின் தட்ட சரியா அமுக்காம எடுத்திருக்கா, ஓரத்துல காத்து புகுந்து நிழல் விழுந்திருக்கு, அதப் பாத்து ஒரு பொம்பள பயந்து மலை எறங்கி வரவேண்டியதாப் போச்சுன்னு ரிப்போர்ட்டு. மூணு மாசம் என்னைய பஸ்ஸுல ஏத்தல. திரும்பப் பயிற்சி. என்னவிட ரெண்டு வயசு சின்னவ எனக்குத் தட்டு வைக்கச் சொல்லித் தந்தா.

— இதெல்லாம் எனக்குத் தெரியாதே.

— ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? சாரமில்ல. ஒங்களுக்கு ஒண்ணுமில்லன்னு ஆச்சுல்ல, அது போதும்னு நெனச்சுக்கிட்டேன். எங்கம்மாவும் அதேதான் சொல்லுச்சு. கம்பம்மெட்டுல ஏலக்காட்டுல வேல பாக்குது எங்கம்மா. உன் பேரு கெட்டா கெடட்டும், அந்தப் பொம்பள பொழைச்சாளே, அவளுக்காக ஒரு செபம் சொல்லுன்னுச்சு. சொன்னேன்க்கா. பொய் இல்ல, உங்க நம்பரச் சொல்லித்தான் சொன்னேன்.

— நம்பரச் சொல்லியா.

— பேரு அப்ப ஞாபகம் வரல.

— சரி. இப்ப நான் கேக்கதுக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்க. நான் எட்டாப்புகூட படிக்காதவ. இந்த மிஷினு எப்பிடிப் பாக்கும், கை எப்பிடிப் பாக்கும்?

— ரெண்டும் ஒரே சத்தத்த வச்சுதான் பாக்குது, காதுக்குக் கேக்காத சத்தம். கை ஸ்கேன்ல டாக்டரு சின்னக் கருவி ஒண்ண கையில பிடிச்சு, பசை தடவி, அங்க இங்க நகத்திப் பாப்பாரு. பாத்துக்கிட்டே பேசுவாரு. எங்க வலிக்குது, எப்பருந்து, கையத் தூக்குங்கன்னு. சந்தேகம் வந்தா அந்த எடத்துலயே நின்னு அமுக்கிப் பாப்பாரு, கக்கத்துக்குள்ளயும் போயி பாப்பாரு. ஆனா எல்லாம் அந்தக் கையப் பொறுத்தது. கை அவசரப்பட்டா ஒரு எடம் விட்டுப்போகும். இந்த மிஷின் அப்பிடியில்ல. இந்தா இருக்குல்ல, இந்தத் தட்ட மார்பு மேல வச்சு அமுக்கிட்டா, உள்ள இருக்குற கருவி தானா நகந்து மொத்தத்தையும் எடுத்துரும். ஒரு பக்கத்துக்கு மூணு தடவ, தடவைக்கு ஒரு நிமிசம் போல. யாரு எடுத்தாலும் ஒரே மாதிரி வரும். கை காட்டாத ஒரு கோணத்துலயும் காட்டும், மேல நின்னு கெணத்துக்குள்ள பாக்குற மாதிரி. ஆனா கக்கம் அதுக்குச் சரியா எட்டாது. தட்டு ஒழுங்கா ஒட்டலன்னா நிழல் விழும். அதுகிட்ட ஒண்ணு கேக்கவும் முடியாது, அது நம்மகிட்ட கேக்கவும் கேக்காது.

— அப்போ மிஷினு இருக்குன்னுது. கை இல்லன்னுது.

— கைதான் கடைசி வார்த்தை. மிஷின் சந்தேகப்படும், கை தீர்ப்பு சொல்லும். அதான் முறை.

— ரெண்டும் உண்மையச் சொல்லியிருந்தா?

— அது எப்பிடிக்கா? ஒரே ஆளுக்கு இருக்குறதும் இல்லாததும் ரெண்டும் உண்மையா இருக்குமா?

— ஒரே ஆளா இருந்தாத்தான தாயி.

— என்ன சொல்றீங்க?

— போன பங்குனியில இந்தக் கட்டில்ல படுத்தது நானில்ல. நானூத்திப் பன்னெண்டுன்னு சொல்லிட்டு வந்து படுத்தது வேற ஒருத்தி. டவுன்ல டாக்டரம்மா தேச்சுத் தேச்சுத் தேடுனது என்னைய.

— யாரு அவ?

— சொல்லுதேன். மொதல்லருந்து சொன்னாத்தான் ஒங்களுக்கு வெளங்கும். எனக்கு முட்டி போயி மூணு வருசமாச்சு. தேயில மேட்டுல ஏறுனா எறங்க முடியாது. ரிட்டையராவ இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. வேலைக்கு வார நாளு கொறஞ்சா பேர வெட்டிருவாவ, பேரு போனா எஸ்டேட்டு குடுத்த லயத்து வீடும் போயிரும். எம்மவன் ராஜசேகரு மூணாறுல டூரிஸ்ட்டு ஜீப்பு ஓட்டுதான், எஸ்டேட்டுல அவனுக்குப் பேரு கெடையாது. அப்போ வீடு என் ஒருத்தி நம்பர்லதான் நிக்கி. இங்க ஒரு வழக்கம் உண்டு, பாத்துக்கிடுங்க. ஒருத்திக்கு முடியலைன்னா அவ நம்பருக்கு வீட்டுல இன்னொருத்தி போயி கொழுந்து வெட்டுவா. அக்காவுக்குத் தங்கச்சி போவா, மாமியாளுக்கு மருமவ போவா. சூப்பர்வைசரு கண்டும் காணாம இருப்பாரு. எடை போடுத எடத்துல நம்பரத்தான கேக்காவ, மூஞ்சியவா பாக்காவ. எனக்கு மவளும் கெடையாது, இவனும் இன்னும் கல்யாணம் பண்ணல. என்ன செய்யன்னு முழிச்சிட்டு இருந்தப்பத்தான் வடக்க இருந்து ஆளு கொண்டாந்து எறக்குனாவ.

— அதிதி தொழிலாளிங்களா?

— அப்பிடித்தான் போர்டுல எழுதியிருந்துச்சு. ஜார்க்கண்டுங்காவ, அஸ்ஸாமுங்காவ, எனக்குத் தெரியாது. பதினாலு பேரு. எங்க லயத்துக்குப் பின்னால கூர ஒழுகுத லயத்துல தங்க வச்சாவ. அதுல ஒருத்தி. சின்னப் புள்ள, முப்பது கூட இருக்காது. சூப்பர்வைசரு பெரியமுத்து அண்ணன்தான் சொன்னாரு, தெனமும் இவ ஒன் நம்பருக்குப் போவட்டும், நீ வீட்டுல இருன்னு. ரெண்டு வருசம் அப்பிடித்தான் ஓடுச்சு. என்னவிட நல்லா வெட்டுவா. எம்பேருல அம்புட்டு எடை எந்தக் காலத்துலயும் வந்தது கெடையாது. தமிழ்ல தடுமாறாம அவ பேசுனது அந்த நம்பரு ஒண்ணுதான். நானூத்திப் பன்னெண்டுன்னு எங்கள விட சுத்தமா சொல்லுவா.

— சொன்னா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவ சொன்ன அழகுலதான் நான் வேற ஒண்ணும் கேக்காம விட்டேன். சரி, ஸ்கேனுக்கு ஏன் அவள அனுப்புனீங்க?

— வெக்கம்.

— வெக்கமா?

— சிரிக்காதீங்க. மூணு புள்ள பெத்து ஒண்ணத்தான் வளத்தேன். பிரசவம் பாத்த நர்ஸு தவிர ஒருத்தி முன்னால சட்டையக் கழத்துனது கெடையாது. நீங்க வாரதுக்கு முந்தின நாளு பைப்படியில ஒருத்தி சொல்லுதா, அந்த மிஷினு படம் புடிக்குமாம், படம் நேரா ஊருக்குப் போவுமாம், யாரு யாரோ பாப்பாவளாம். எம்மவன் கையில பொழுதன்னைக்கும் செல்லு. அவன் கண்ணுல பட்டுட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு அவனுக்குச் சோறு போடுவேன்? ஆபீஸ்ல ஆனா எல்லா நம்பரும் கட்டாயம் வரணும்னு எழுதிப் போட்டுட்டாவ. நெரந்தரத் தொழிலாளிக்கு மட்டுந்தான். வடக்கத்தி ஆளுகளுக்குக் கெடையாது. நான் என்ன பண்ணேன், மேட்டுக்கு அனுப்புத மாதிரி அவள இங்கன அனுப்பிட்டேன். நம்பரு போனாச் சரி, யாரு போனா என்ன. அதுக்கு மேல நான் நெனைக்கவே இல்ல தாயி. வெள்ளை மனசாத்தான் செஞ்சேன்னு சொல்லவும் வாய் வரல.

— அவ எடது கைய இப்பிடி மடக்கி வச்சுக்கிட்டு வந்தா. குளிருதாக்கும்னு நெனச்சேன்.

— அவ அப்பிடித்தான் வச்சிருப்பா. கத்திரி புடிச்சு வெட்டுத கை கனத்துப் போச்சு போலன்னு நான் நெனச்சேன். சாக்குக் கயிறு அறுக்குதோன்னு ஒரு நாளு பழைய துண்டக்கூட மடிச்சுக் குடுத்தேன்.

— படுத்ததும் எங்கையப் பிடிச்சா. பிடிச்சு அந்த எடத்துல வச்சா. ஏதோ சொன்னா, இந்தியும் இல்ல, எனக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அசையாதீங்க, மூச்ச இழுத்து விடாதீங்க, படம் கலைஞ்சிரும்னேன். வெளிய இன்னும் இருபது பேரு நின்னாங்க. கையத் தூக்கி அவ தலைக்கு மேல வச்சுட்டேன். அதோட அவ பேசல. அசையாம கெடந்தா. அம்புட்டு ஒழுங்கா யாரும் படுத்ததில்ல. கை ஸ்கேனா இருந்திருந்தா பேச்சுக் குடுத்திருப்பாங்க. எத்தன புள்ளைங்க, எங்க வலின்னு கேட்டிருப்பாங்க. தமிழ் தெரியலன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். இது ஒண்ணும் கேக்காத மிஷினு, நானும் அதுகூட சேந்து ஒண்ணும் கேக்கல.

— வெளிய வந்து, ஓரமா நின்ன எங்கையையும் புடிச்சா. அதே எடத்துல வச்சா. நாலு பேரு பாக்காவன்னு நான் கைய உருவிக்கிட்டேன்.

— அந்தப் படத்தப் பாத்தப்ப எனக்கு ஒண்ணு உறுத்துச்சுக்கா. வயசு அம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு, சதை இளசா அடர்த்தியா இருக்கேன்னு. சிலருக்கு அப்பிடி இருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். நம்பரு சரியா இருந்துச்சுல்ல.

— அந்தப் படம் இப்ப இருக்கா?

— இருக்கு.

— காட்டுங்க.

— காட்டக் கூடாது. அது ஒங்க படம் இல்ல.

— எம்பேருதான போட்டிருக்கு.

— வாங்க. இந்தப் பக்கம் வந்து பாருங்க. இது மேல நின்னு பாக்குற கோணம். இந்தா, இந்த எடம். சுத்தியிருக்குற எல்லாம் ஒரு புள்ளிக்கு இழுத்து நிக்குது பாருங்க. துணியில நூல ஒரு எடத்துல சுண்டி இழுத்தா சுத்திலும் சுருக்கு விழுமே, அது மாதிரி. இத நிழல்னு சொன்னாங்க. நிழல் இப்பிடி இழுக்குமா? நான் கேட்டேன். நீ டாக்டரான்னு கேட்டாங்க.

— எம்புட்டுப் பெருசு?

— பதினாலு மில்லிமீட்டரு. ஒரு ஏலக்காய் நீளம். அவ்வளவுதான் அப்போ.

— இப்போ?

— தெரியலக்கா.

— மூஞ்சி தெரியாதா இதுல?

— இதுல எப்பிடிக்கா மூஞ்சி தெரியும்.

— அவ போட்டோ யாருகிட்டயும் கெடையாது. பொங்கலுக்கு எம்மவன் செல்லுல எடுக்கப் போனான், முக்காட்ட இழுத்து மூடிக்கிட்டா. ஒலகத்துல அவ படம்னு இது ஒண்ணுதான் இருக்கு போல.

— நான் ஒண்ணு சொல்றேன், என்னைய அசிங்கமா நெனைக்காதீங்க. நீங்க படுத்தது நானில்லன்னு சொன்னதும் எனக்கு மொதல்ல வந்தது சந்தோசம்க்கா. நான் சரியாத்தான் எடுத்தேன், எங்கை தப்பு இல்லன்னு. ஒரு நிமிசம். ஒரு நிமிசம் அப்பிடி இருந்துச்சு. அதுக்கப்பறம்தான் அந்தப் புள்ளைய நெனச்சேன்.

— நான் அவள நெனைக்க ஒரு வருசம் ஆச்சே.

— டவுன்ல இருந்து கூப்பிட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே. அப்ப அவ இங்கதான இருந்தா?

— இருந்தா. ரெண்டு வாசப்படி தள்ளி இருந்தா. ஆபீஸ்லருந்து கடுதாசியும் ஜீப்பும் ஒண்ணா வந்து நிக்கி. அவளக் கூப்பிட்டா நம்பர் கதை வெளிய வந்துரும். பெரியமுத்து அண்ணன் வேல போவும், எம் வீடு போவும். ஏறி உக்காந்துட்டேன். அந்த ஜீப்புல எடமா இல்ல? பின் சீட்டு காலியாத்தான் போச்சு. அங்க டாக்டரம்மா மொதல்ல கேட்ட கேள்வியே, பஸ்ஸுல படுத்தது நீங்கதானம்மான்னு. ஆமான்னேன்.

— அவங்க கேட்டாங்களா.

— கேட்டாவ. அவுக மேல தப்பு கெடையாது. ஆனா ஒண்ண நம்புங்க தாயி, அவள ஏமாத்தணும்னு நான் நெனைக்கல. அங்க டீவி மாதிரி ஒண்ணுல இந்தப் படத்தப் போட்டு வச்சுக்கிட்டு, அதையும் பாக்காவ, என்னையும் தேய்க்காவ. தேய்க்கது சும்மா சடங்குக்கு, படத்தப் பாத்துத்தான் முடிவு சொல்லுதாவன்னு நெனச்சேன். படம் அவளோடது. படத்தப் பாத்து ஒண்ணுமில்லன்னா அவளுக்குத்தான ஒண்ணுமில்ல? எம் புத்திக்கு அம்புட்டுத்தான் எட்டுச்சு.

— அப்போ அவகிட்ட...

— ஆமா. நான்தான் சொன்னேன். சாயங்காலம் ஜீப்ப விட்டு எறங்கி நேரா அவ லயத்துக்குத்தான் போனேன். அந்த எடத்தத் தொட்டுக் காட்டி, கைய இப்பிடி விரிச்சு ஆட்டி, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னேன். அவளுக்குப் புரிஞ்சிட்டு. அப்பிடிச் சிரிச்சா தாயி. அழுகையும் சிரிப்புமா எங்கையப் புடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டா. மறுநாளு கோதும மாவுல வெல்லம் போட்டு ஏதோ சுட்டு இலையில வச்சுக் கொண்டாந்தா. மறையூர் வெல்லம், நான் குடுத்ததுதான். எம் முன்னாடியே நின்னு நான் திங்கதப் பாத்தா. ருசியாத்தான் இருந்துச்சு. நல்லா இருக்குட்டின்னேன்.

— போதும்க்கா. ஒரு நிமிசம். தண்ணி குடிச்சுக்கிறேன்.

— அதுக்குப் பொறவு அவ அந்தக் கைய மடக்கி வைக்கல. வலிச்சாலும் வலிக்காத மாதிரி வீசி நடந்தா. நானே கண்ணால பாத்தேன்.

— எப்ப தெரிஞ்சுது ஒங்களுக்கு?

— போன ஞாயித்துக்கெழம. மறையூர்ல எந்தங்கச்சி மவ ஆனந்தி இருக்கா. அவளுக்கும் இதே மாதிரி மிஷின்ல காட்டி, கையால பாத்து, ஊசி போட்டு எடுத்து சோதிச்சு, ஆப்பரேசன் ஆயிட்டு. பாக்கப் போனேன். அவ சொல்லுதா, பெரியம்மா, மிஷினு காட்டுன அதே எடத்துல டாக்டரு கைய வச்சதும் கண்டுபுடிச்சிட்டாரு, அதே ஆளத்தான பாக்காவ, தப்புமான்னு. அதே ஆளன்னு அவ சொன்னப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, இங்க பாத்தது ரெண்டு ஆளுல்லா. அவளுக்கு வாங்கிட்டுப் போன ஆரஞ்சுப் பழத்த அங்கயே வச்சுட்டு எந்திரிச்சிட்டேன். பஸ்ஸுல அழுதுட்டு வந்தேன், பக்கத்துல இருந்தவன் யாரு செத்தான்னு கேட்டான்.

— இப்ப அவ எங்க? இங்க இல்லையா?

— ஆவணி மழையில கூட்டிட்டுப் போயிட்டான். ஜோபின்னு ஒரு ஏஜெண்டு. பதினாலு பேரையும் ஒரே லாரியில ஏத்துனான். கொழுந்து வெட்டும்போது இடுப்புல கட்டுத படங்குச் சாக்க மடிச்சு எங்க வீட்டு வாசல்ல வச்சுட்டுப் போயிருக்கா, எஸ்டேட்டுச் சாமான்லா, ஒப்படைக்கணும்னு. நான் தூங்கிட்டு இருந்தேன், எழுப்பல.

— அந்த ஜோபிக்குப் போன் பண்ணீங்களா?

— நாலு நாளா எம்மவன் அடிக்கான். அப்பிடி நம்பரே கெடையாதுங்குது. சில பேரு ஏலக்காட்டுக்குக் கொண்டு போனாம்ங்காவ, ஒங்க கம்பம்மெட்டுப் பக்கம். சில பேரு ரயிலேத்தி விட்டுட்டாம்ங்காவ. பெரியமுத்து அண்ணன்கிட்ட போயி நின்னேன். எந்தப் புள்ள, அப்பிடி ஒருத்தி இங்க வேல பாக்கவே இல்லையேங்காரு. பயம் அவருக்கு. புத்தகத்த எடுத்துக் காட்டுதாரு. பாத்தா உண்மதான். ரெண்டு வருசமும் ராமலட்சுமி, ராமலட்சுமின்னு ஒரு நாளு விடாம நான்தான் வேல பாத்திருக்கேன்.

— லேபர் ஆபீஸ்ல அதிதி தொழிலாளிங்களுக்கு ரிஜிஸ்டர் இருக்கு. அதுல இருக்கணும்.

— கொண்டாந்தவன் பதிஞ்சிருந்தாத்தான?

— எங்கம்மாகிட்ட கேக்குறேன். எங்கம்மா வேல பாக்குற காட்டுலயே வடக்க இருந்து நெறைய பேரு இருக்காங்க. எப்பிடி இருப்பா பாக்க?

— ஒல்லியா, மாநெறமா. ரெண்டு மூக்குலயும் மூக்குத்தி. முன்னங்கையில பச்ச குத்தியிருப்பா, புள்ளி புள்ளியா. குனிஞ்ச தலையாத்தான் நடப்பா.

— அங்க எல்லாரும் அப்பிடித்தான் இருக்காங்கக்கா. எங்கம்மா அவங்களப் பத்திச் சொல்றப்பல்லாம் இதையேதான் சொல்லும்.

— தெரியும். சொல்லும்போதே எனக்கும் தெரிஞ்சுது.

— ஒரு வருசம் ஆகப்போகுது. இது வளர்ற சாதி. இதுக்குள்ள கக்கத்துக்குப் போயிருக்கலாம். அங்க போயிருந்தாலும் இந்த மிஷினுக்கு எட்டாது. கையாலதான் பாக்கணும். நான் இங்க உக்காந்துக்கிட்டு எந்தக் கையக் கொண்டு போயி யாரு மேல வைக்க? ஆளு இங்க இருந்தப்ப வைக்கச் சொல்லி அவளே இழுத்தா, அப்பயும் வைக்கல.

— அழாதீங்க தாயி. ஒங்கள அழ வைக்க நான் வரல. நீங்க ஏதாவது பண்ணுவீங்கன்னு வந்தேன்.

— என்ன பண்ணுவேன்? ஒண்ணு பண்ணலாம். டவுன் மேடத்துக்கு இப்பவே போன் பண்றேன். நடந்தத எழுதிக் குடுக்குறேன். லேபர் ஆபீசு, ஆஷா வர்க்கருங்க, ஏலக்காட்டு ஆஸ்பத்திரிங்க, எல்லாத்துக்கும் அனுப்பச் சொல்றேன். ரயிலேறிப் போயிருந்தா அது எந்த ஊருக்கு அனுப்ப, தெரியல. எழுதுனா ஒங்க நம்பர வெட்டிருவாங்க, தெரியும்ல?

— தெரியும்.

— வீடும் போகும்.

— வீடு போவும்னு ராத்திரியே மவன்கிட்ட சொல்லிட்டேன். காலையில அவனே ஜீப்ப எடுத்து வந்து, ஏறும்மான்னான். அந்தா, வெளிய நிக்கான் பாருங்க. எனக்கு அவள நெனச்சுக்கிட்டு அந்த வீட்டுல தூங்க முடியல தாயி, வீடு இருந்து என்ன செய்ய.

— சரி. எழுதுறேன். சொல்லுங்க. எடது மார்பு, கக்கத்துப் பக்கம், வயசு முப்பதுக்குள்ள. போன மார்ச்சுல எடுத்த படம். பேரு?

— பேரா?

— பேரச் சொல்லுங்கக்கா. வந்ததுலருந்து அவ, அந்தப் புள்ளன்னே சொல்லிட்டு இருக்கீங்க. இனிமே ஒளிச்சு என்ன ஆகப்போகுது?

— ஒளிக்கல தாயி. வந்த மொத நாளு, ஆளெடுக்குத பெரட்டுல பெரியமுத்து அண்ணன் எம்பேரக் கூப்பிட்டு அவளக் கையக் காட்டுனாரு, அவளும் தலைய ஆட்டிக்கிட்டு முன்னால வந்து நின்னா. அதுக்குப் பொறவு ரெண்டு வருசமா நாங்க யாரும் அவகிட்ட வேற பேரு கேக்கல. ராமலட்சுமின்னே எழுதுங்க, அப்பிடிக் கூப்பிட்டாத்தான் அவ திரும்பிப் பாப்பா.